விரிசலுக்குச் சுண்ணாம்பு

புயல் மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மண் சரிந்ததிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கிறோம். வீட்டுக்குத் திரும்பலாமா என்று பார்த்துச் சொல்ல இன்று அதிகாரி வந்தார்.

பெரிய ஆள் வருகிறாரே என்று அம்மா நேற்றே வீட்டுக்குப் போய், மண் சரிந்தபோது சுவரில் விழுந்த விரிசலை அடைத்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

“விரிசல் எங்கம்மா?” என்றார் அதிகாரி.

“அலங்கோலமா இருந்துச்சுங்க, பூசிட்டேன்.”

“அதப் பாக்கத்தானே நான் வந்தேன்!”

வெளியேறிய அன்று, அந்த விரிசலுக்குள் என் கையை விட்டு எடுத்த படம் போனில் இருந்தது. காட்டினேன்.

“இங்க இருக்கவே கூடாது” என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மா மிச்சச் சுண்ணாம்பை வாளியோடு தூக்கி வந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடச் சுவரிலும் ஒரு விரிசல் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.