கடல் தாண்டிப் போன மீசான் கல்

வெள்ளைக்காரன் கொண்டுபோன சாமானெல்லாம் திருப்பித் தாறாங்களாம் எண்டு செய்தியில சொன்னபோது, எங்களுக்கும் அதுக்கும் என்ன எண்டு இருந்திட்டன். பிறகு கொழும்பிலயிருந்து ஆராய்ச்சிக்காரப் பிள்ளையொருத்தி, முசலிக்கரையில கிடக்கிற எங்கட ஊரைத் தேடி வந்தா. கையில ஒரு படம். மவுத்தான ஆக்களை அடக்கம் செய்யிற எங்கட மையவாடியில, ஒரு கபுறின் தலைமாட்டில நட்டிருந்த மீசான் கல்லாம். அந்தக் காலத்துத் துரை ஒருத்தர் பிடுங்கிக்கொண்டு போனதாம். திருப்பித் தந்தா எங்க வைக்கிறது எண்டு கேக்க வந்தவ.

கூடப்பிறந்த என்ர நானாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். சண்டைக்குள்ள விரட்டுப்பட்டு, புத்தளத்துக் கொட்டில்களில வருஷக்கணக்காக் கிடந்து திரும்பின சனம் நாங்கள். காடு மூடின காணியைத் துப்பரவாக்கப் போனா, நீங்கள் எப்ப இங்க இருந்தனீங்கள் எண்டு அதிகாரிமார் கேக்கிறாங்கள். காட்ட எங்களிட்ட என்ன இருக்கு? இந்தக் கல் வந்தா அவங்கட வாய் அடைஞ்சு போகும் எண்டார் நானா. படத்தில, கல்லில வெட்டியிருந்த அரபெழுத்தைக் கண்டதும் ஓதவே தொடங்கிட்டார். ஓதப்பள்ளிக்குப் போன நாங்கள் அரபெழுத்தைக் கண்டாக் கடகடவெண்டு வாசிச்சிடுவம். கருத்தை மட்டும் கேக்கக் கூடாது. அவர் ராகத்தோட ஓத, நானும் முக்காட்டை இழுத்துவிட்டு ஆமீன் எண்டன். இது எங்கட வம்சத்து மூத்தம்மா ஒருத்தியின்ர கல்தான் எண்டு கூடி நிண்ட எல்லாரும் முடிவுகட்டிட்டம்.

அந்தப் பிள்ளைக்குப் பொறுக்கேல்ல போல. மெதுவாக் கருத்தைச் சொன்னா. ஹஜ்ஜுக்குப் போற வழியில நோயாகி, கப்பலால இந்தக் கரையில இறக்கின ஆரோ ஒரு பெண்ணாம். வேற தேசத்தவ. சொந்தமெண்டு ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல் மவுத்தானவ.

அப்ப கல் ஆருக்குத் திரும்ப வேணும்? அவட ஊருக்கா, எங்கட ஊருக்கா? வழியில வந்தவவின்ர கல்லைக் காட்டி, நாங்கள் வந்து குடியேறின ஆக்கள் இல்லையெண்டு சொல்லேலுமா? அந்தப் பிள்ளையிட்டயே கேட்டன். எனக்குப் பொல்லாத கோவம் வந்திச்சு. ஆரில எண்டு இப்பவும் தெரியாது. கொழும்பில நூதனசாலையிலயே வையுங்கோ, எங்களை விடுங்கோ எண்டிட்டன்.

நானா படத்தைத் திருப்பிக் குடுக்கேல்ல.

"கல்லைத்தானே கொண்டு போனவங்கள், அவ இங்கதானே கிடக்கிறா," எண்டார். "நாங்கள் எல்லாரும் ஓடின காலத்திலயும் ஊரை விட்டுப் போகாமக் கிடந்தவ. அவட தலைமாட்டிலயே கொண்டந்து நடச் சொல்லுங்கோ."

அவட கபுறு எது எண்டு அந்தப் பிள்ளை கேட்டா. எல்லாரும் மையவாடிப் பக்கம் திரும்பினம். ஒருத்தருக்கும் தெரியேல்ல.