அண்டா யாருது

“…அண்டா என்னுதுதான் சாமி, எங்கம்மா வூட்டு சீரு. அதுல போட்ட ஊறலு எப்படி என்னுதாவும்?”

கள்ளக்குறிச்சி நீதிமன்றக் கூண்டில் நின்று மலையக்கா கேட்டது இது. நான் அப்போது பெண்கள் சிறையில் வார்டர். கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வழிக்காவலுக்குப் பெண் போலீஸ் போதாத நாட்களில் என்னையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போன நாளில்தான் இதைக் கேட்டேன்.

கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமம் அவளுக்கு. சாராய ஊறல் போட்ட வழக்கு. சிறையில் கெட்ட பெயர். சோற்றுத் தட்டை வீசுவாள், வரிசையில் நிற்கமாட்டாள், ஒரு தடவை என் கையைக்கூடக் கடித்திருக்கிறாள். ‘அடங்காதவள்’ என்று அறிக்கை போனது. புருஷன் மனு போட்டு அவளைப் பார்க்க வந்துபோன நாட்களில்தான் இத்தனையும் நடக்கும் என்பது போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது. உளுந்தூர்பேட்டைக்காரி ஒருத்தி கேலி செய்வாள்: “இன்னாக்கா, மாமா வந்துட்டுப் போனாரா? தட்டு பறக்குது.” “அவரு தலைல வுழ வேண்டியதுடி. நடுவுல கம்பி நிக்குது” என்பாள் இவள்.

அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வது எப்போதும் ஒன்றுதான். “ஒத்துக்கினு வந்துடு. நான் உள்ள போயிட்டா கரும்பு வெட்ட யாரு போவா?” மலையில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் ஆண்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். இடுப்பில் பிள்ளையோடு பெண் அடுப்பருகே நிற்பாள். அண்டா யாருது என்று கேட்பார்கள். அந்த வீட்டில் அவள் என்னுது என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிடுவாள். மலையக்கா முன்பும் ஒரு முறை இப்படிச் சொல்லி, ஒத்துக்கொண்டு, தண்டனை முடித்துப் போனவள்தான். அதற்கப்புறம் ஜீப் முதலில் நிற்பது அவள் வாசலில். கல்யாண வீட்டில் அவள் கையால் மஞ்சள் வாங்க ஆளில்லை. “இன்னொரு தபா ஒத்துக்கினா எம் பொண்ணைக் கேட்டு எவன் மலையேறுவான், வார்டரம்மா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஓடிப்போனவன் குடும்பஸ்தன், நின்றவள் குற்றவாளி. இதை ஒரு ஊரே ஒத்துக்கொண்டது, நாங்களும் சீல் வைத்துக் கொடுத்தோம். பிறவியிலேயே கோணல் புத்தி என்று இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி யாராவது இன்றைக்கு என்னிடம் சொல்லட்டும், உட்காரவைத்துச் சண்டை போடுவேன். அவள் கடித்த தழும்பு என் கையில் இருக்கிறது, அதோடுதான் சொல்கிறேன்.

“அப்போ ஊறல் யாருதும்மா? பேரைச் சொல்லு” என்றார் நீதிபதி.

புருஷன் பின்னால், கூட்டத்தில்தான் நின்றிருந்தான். முகத்தில் கலக்கமே இல்லை. கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வார்கள். அந்த தைரியத்தில்தான் அவன் கோர்ட்டு வரைக்கும் வந்திருந்தான்.

மலையக்கா கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, அவனைப் பார்த்தபடியே, அவன் பெயரை அவன் அப்பன் பெயரோடு சேர்த்து, வாசலில் நின்ற டவாலிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.