யானையிலும் ஒரு குத்து, மரத்திலும் ஒரு குத்து

மலை ஊரான எடப்புளி நாட்டில் யோசனை சொல்ல சுப்பையனை விட்டால் ஆள் இல்லை என்று பேர். மிளகுக்கொடி விஷயமானாலும் சரி, சம்பந்தி சண்டையானாலும் சரி, ஊர்க்கவுண்டர் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பேர்தான் அவர் குடியைக் கெடுத்தது.

ஐம்பத்திரண்டிலும் ஐம்பத்தேழிலும் ஓட்டுப் போடுவது சுலபமாக இருந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி; வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் ஆயிற்று. மலைக்கு ரோடு கிடையாது. மூச்சிரைக்க ஏறி வந்து நம் வீட்டில் கை நனைத்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். இரண்டு தேர்தலிலும் இரண்டிரண்டு பேர் வந்து சாமைச் சோறு தின்றுவிட்டுப் போனார்கள். அதனால் ஆண்கள் சீட்டு ஒருவருக்கு, பெண்கள் சீட்டு மற்றவருக்கு. யாருக்கும் மனக்குறை இல்லை. ஜெயித்தவர்கள் மட்டும் மறுபடி ஏறி வரவில்லை. முழங்கால் வலியோ என்னவோ, பாவம்.

அறுபதில் சுப்பையனின் ஒரே மகள் மயிலம்மாளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்து ஓட்டுக் கூரைகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உயிர் போய்விட்டது, வயிற்றில் இருந்ததும் சேர்ந்து. மேலே ஓர் ஆஸ்பத்திரி இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அன்று முதல் சுப்பையனுக்கும் அவர் மனைவி பாவாயிக்கும் வேறு பேச்சே இல்லை.

அறுபத்திரண்டில் மறுபடி இருவர் வந்தார்கள். யானைச் சின்னத்துக்காரர் கும்பிட்டார், சிரித்தார், சாப்பிட்டார், போனார். மரச் சின்னத்தில் நின்ற செல்லமுத்து பாவாயியின் எதிரில் உட்கார்ந்து மகள் கதையை முழுக்கக் கேட்டார்.

"நான் ஜெயிச்சா மொத வேலை மலை மேல ஆஸ்பத்திரிதானுங்கம்மா" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இந்தத் தடவை தனித்தனிப் பெட்டி இல்லை. ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் இருக்கும், முத்திரை குத்த வேண்டும். இருவரும் தங்கள் சின்னத்தைக் காட்டி இங்கே குத்துங்கள் என்றார்களே தவிர, இன்னொன்றில் குத்தினால் என்ன ஆகும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆண்கள் மட்டும் கூடிய ஊர்க்கூட்டத்தில் கவுண்டர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் அசந்துபோனார்கள்.

"மயிலா செத்தத நானுந்தான பாத்தேன். இந்த ஒருவாட்டி வழக்கம் கெடக்கட்டும். அத்தன ஓட்டும் மரத்துக்கே போட்டுருவோம். என்ன சொல்ற சுப்பையா?"

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் யோசனைக்காரர் ஆயிற்றே! ஒருவேளை யானைக்காரர் ஜெயித்துவிட்டால்? எனக்கு என்ன செய்தாய் என்று கேட்டு ஆஸ்பத்திரியை மறுத்துவிட்டால்?

"ஏனுங்க கவுண்டரே, சோறு போட்டுட்டு ஒருத்தர வெறுங்கையா அனுப்புவானேன்? சீட்டு ஒண்ணுதானுங்களே. யானையில ஒரு குத்து, மரத்துல ஒரு குத்து. ஆரு ஜெயிச்சாலும் நம்மாளுதானுங்க."

கூட்டம் சொக்கிப்போயிற்று. நூற்றெண்பத்து நான்கு பேரும் வரிசையில் நின்று, பிசகாமல், இரண்டு குத்து குத்திவிட்டு வந்தார்கள்.

தேர்தல் முடிந்த மாதம் சுப்பையன் மிளகு மூட்டையோடு அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கினார். தோற்றுப்போன செல்லமுத்து அங்கே அவரைப் பார்த்துவிட்டார்.

"தொண்ணூத்தேழு ஓட்டுல போச்சுங்க. உங்க நாட்டுச் சீட்டு நூத்தியெண்பத்தி நாலும் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க. எந்தப் புத்திசாலிங்க ரெண்டு குத்து குத்தச் சொன்னது?"

சுப்பையன் தெரியாது என்று தலையாட்டிவிட்டு மலையேறினார்.

ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெயித்தவருக்கும் நாம்தானே போட்டோம் என்று கவுண்டர் காத்திருந்தார். பாவாயி காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டு, யானைக்காரரை வைய ஆரம்பித்தாள். சாமை புடைக்கும்போது வைவாள், விறகு பொறுக்கும்போது வைவாள். சுப்பையன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வார். இப்படி ஐந்து வருஷம்.

அறுபத்தேழில் ஒரு வேட்பாளரும் மலையேறவில்லை. அது செல்லாத ஓட்டு போடுகிற ஊர், ஏறி என்ன பிரயோசனம் என்று அடிவாரத்தில் பேசிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சு மலைக்கு வந்து சேரவில்லை. ஓட்டுப் போட்ட அன்று பாவாயி வாசலில் நின்று யானைக்காரரின் வம்சத்தையே இழுத்து வைதாள். சுப்பையனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கவுண்டர் அத்தனை ஓட்டையும் மரத்துக்குத் தருவதாகச் சொன்னது, தான் தடுத்தது, சந்தையில் கேட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

பாவாயி கத்தவில்லை, அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தன நாளா ஆளு தெரியாம வஞ்சுக்கிட்டிருந்துட்டேனுங்களே" என்றாள்.