முதல் கட்டத்தில் அப்பா

அவன் செய்த பற்கள் அந்த ஊரில் நூறு பேர் வாயிலாவது இருக்கும். அந்த நூறு பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. பல் மருத்துவர்களிடமிருந்து அச்சுகள் வரும். ஒவ்வொன்றிலும் பெயருக்குப் பதில் ஓர் எண். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஈறின் நிறம் சரிபார்த்து, பளபளப்பு ஏற்றி டப்பாவில் வைத்தால் வேலை முடிந்தது. அந்த நாட்டுக்கு வந்த ஏழு மாதத்தில் முகமில்லாத வாய்கள் அவனுக்குப் பழகிப்போயிருந்தன.

அறையில் கூட இருந்தவர் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். அவனைவிடப் பத்து வயது மூத்தவர். அவனை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

"டாக்டர், மொதல்ல பேங்க்ல ஒரு கிரெடிட் கார்டு வாங்கு. கார்டு இருந்தாத்தான் இங்க உனக்கு ஃபைலுன்னு ஒண்ணு உண்டாகும். ஃபைல் இல்லாதவன் இந்த ஊர்க்காரனுக்குக் கண்ணுக்கே தெரிய மாட்டான்."

உண்மைதான். மனைவிக்கும் மகளுக்கும் விசா வந்துவிட்டது. இரண்டு அறையும் சமையலறையும் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தான். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் வங்கியில் அவனைப் பற்றிக் கேட்டாராம், அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்ததாம். "மாசக் கடைசிக்குள்ள ஒரு கார்டாவது காட்டுங்க, சாவி தர்றேன். இல்லாட்டி வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் மதியம் வங்கிக்குப் போனான். விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். பள்ளிக்கூடத்தில் நோட்டு அட்டையில் எழுதிப் பழகிய கை. இன்ஷியல்தானே முன்னால் வரும்? முதல் கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதினான். இரண்டாவதில் தன் பெயரை எழுதினான்.

கவுன்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். நான்கு தெருப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் கீழே, 'எதுவும் இல்லை'.

"நீங்கதானான்னு உறுதிப்படுத்த ஒரு கேள்வி. இதுல எந்தத் தெருவுல குடியிருந்தீங்க?"

"எதுலயும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒண்ணுல பதினேழு வருஷம் இருந்திருக்கீங்களே."

"நான் இந்த நாட்டுக்கு வந்தே ஏழு மாசம்தாங்க ஆகுது."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "இந்த ஃபைல்படி உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. உடம்பை நல்லாத்தான் பார்த்துக்கறீங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு நாற்பத்தொன்று. அப்பா வீட்டைவிட்டுப் போனபோது அவனுக்குப் பதினொன்று, அப்பாவுக்கு முப்பத்தெட்டு. முப்பது வருஷம். கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை.

அவனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா அவனைக் கடைசிவரை "பெரியவரே" என்றே கூப்பிட்டாள். "பெரியவரே, மூக்கைச் சிந்துங்க" என்பாள், தெருவே சிரிக்கும். தாத்தா பெயர் பேரனுக்கு வந்ததால், அவன் பெயரும் அப்பா பெயரும் ஒரே இரண்டு சொற்கள்தான். எது முன்னால், எது பின்னால் என்பது மட்டுமே வித்தியாசம். அன்று அவன் அந்த இரண்டு கட்டங்களில் தன் பெயர் என்று நினைத்து எழுதியது, எழுத்துக்கு எழுத்து, அப்பாவின் முழுப்பெயர்.

அந்தப் பெண் அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "ஓ, மாத்தி எழுதிட்டீங்க! உங்க பேரு முன்னாடி வரணும். அது வேற ஆளோட ஃபைல். பழைய ஃபைல், சுத்தமான ஃபைல். ஒன்பது வருஷமா அசைவே இல்லை." பேச்சுவாக்கில் அதிகம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தாளை நிரப்பிக் குடுங்க. ரெண்டையும் பிரிச்சுடலாம்."

தாளில் ஒரே கேள்விதான். 'மேற்கண்ட நபரை உங்களுக்குத் தெரியுமா?' தெரியாது என்றால் ஒரு வாரத்தில் கார்டு. தெரியும் என்றால் தாள் வேறு பிரிவுக்குப் போகும், விசாரிப்பார்கள், மூன்று மாதம் ஆகும்.

"நாளன்னைக்குக் கொண்டுவந்து தர்றேங்க" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ரொட்டிக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சட்டென்று சொன்னார்: "தெரியாதுன்னு போடு தம்பி."

"அது என் அப்பாண்ணே."

"அந்த ஆளோட முகம் ஞாபகம் இருக்கா உனக்கு? கண்ணை மூடிச் சொல்லு பார்ப்போம்."

கண்ணை மூடினான். நெற்றி வரவில்லை, மூக்கு வரவில்லை. வாய் மட்டும் வந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல், அதன் மேல் ஏறிச் சுருங்கும் உதடு. நீலப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வாய் சொன்னது: "ஒரு வேலை விசாரிச்சுட்டு வர்றேன்." இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. அம்மா இருபத்து நாலு வருஷம் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

நான்கு தெருப் பெயர்களையும் அவன் மறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினான். முதல் தெருவில் சரக்குக் கிடங்குகள் மட்டும், குடியிருப்பே இல்லை. இரண்டாவதில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் முடிவே இல்லாமல் போயிற்று. மூன்றாவதில் எல்லாம் புதுக் கட்டடங்கள்; ஐந்து வருஷத்துக்கு முன் அது வெறும் மைதானம் என்றார்கள். நான்காவது குறுகலான தெரு. அதன் நடுவில் செருப்புத் தைக்கும் கடை ஒன்று, மேலே அறைகள், பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு.

கடைக்குள் கிழவர் ஒருவர் ஷூவின் அடித்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் சிரித்தான். கிழவர் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது.

"நீயா?" என்றார். "ஏம்பா, போகும்போது தலை நரைச்சுல்ல போனே?"

அவன் தன் நாக்கு தானாக இடப்பக்கத் தெத்துப்பல்லைத் தொடுவதை உணர்ந்தான்.

"நான் இல்லீங்க" என்றான்.

கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இல்லைதான். நீ சின்ன ஆளு. ஆனா அந்தப் பல்லு அவனோடது." ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மேல பதினேழு வருஷம் இருந்தான். அதிர்ந்து பேச மாட்டான். வாடகை ஒரு நாள் பிந்தினது கிடையாது. ஒரு நாள் காலையில பையை மாட்டிக்கிட்டு வந்து, அந்த மாச வாடகையை எண்ணி வெச்சான். ஒரு வேலை விசாரிச்சுட்டு வர்றேன்னான். நானும் ரெண்டு வருஷம் அறையை யாருக்கும் விடாமத்தான் வெச்சிருந்தேன்."

"என்ன பை?"

"நீலம்."

அவன் கேட்க நினைத்தது ஒன்று, கேட்டது வேறு. "வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா? பொண்டாட்டி, பிள்ளைன்னு?"

"நானே கேட்டிருக்கேன். குடிவந்த அன்னைக்கு எழுதிக்குடுத்தானே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு. யாரும் இல்லைன்னு போட்டான்." கிழவர் தயங்கினார். "நீ அவனுக்கு என்னப்பா வேணும்?"

அவன் எழுந்துகொண்டான். "பேரு ஒண்ணா இருக்குன்னு சொன்னாங்க. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

இரும்புப் படிக்கட்டில் ஏறவில்லை. தெருமுனையில் ஒரு சுவரில் தாளை விரித்து வைத்து, 'தெரியாது' என்பதில் குறியிட்டான். பேனா அமுங்கி, தாளில் சின்ன ஓட்டை விழுந்தது. பொய் எழுதிவிட்டோமா என்று தெருவழியெல்லாம் யோசித்தான். அப்பா யாரும் இல்லை என்று எழுதினார். நான் தெரியாது என்று எழுதினேன். இரண்டும் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கிறது என்று தோன்றியது.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. அவன் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். ரொட்டிக்காரர் கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், இனிமே நீயும் கண்ணுக்குத் தெரிவே" என்றார். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். மனைவியும் மகளும் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

கார்டுக்குப் புது வீட்டு முகவரியைக் கொடுத்தான். எங்கேயோ அறுக்காமல் விட்ட ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, வங்கியின் இயந்திரம் இன்னொருவர் முகவரியையும் சேர்த்து மாற்றியிருக்கிறது. அடுத்த மாதம் மகள் தபால்பெட்டியிலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்தாள்.

"அப்பா, உங்க பேரைத் தலைகீழா அடிச்சிருக்காங்க."

பிரித்தான். 'எங்கள் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளரே, உங்களுக்காக ஒரு கார்டு காத்திருக்கிறது.'

இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று உறைமேல் எழுதித் திருப்பி அனுப்பப் பேனாவை எடுத்தான். உறையின் கண்ணாடித் தாளுக்குள் அந்தப் பெயர் தெரிந்தது. முதல் வகுப்பிலிருந்து நோட்டு அட்டைகளிலும் தேர்வுத் தாள்களிலும் கல்யாணப் பதிவேட்டிலும் அவன் எழுதி வந்த வரிசையிலேயே இருந்தது. யாரும் இல்லை என்று எழுதினால் யாரைச் சொல்வதாகும்? பேனாவை மூடிவைத்தான். உறையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான், அந்த ஓட்டை விழுந்த தாளைத் தவிர.

மாதம் ஒன்று வருகிறது. இதுவரை ஒன்பது. "தாத்தா லெட்டர்" என்று மகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். "மாமனாரும் இங்கதான் குடியிருக்கார் போல. வாடகைதான் குடுக்க மாட்டேங்கறார்" என்பாள் மனைவி. மூவரும் சிரிப்பார்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது "வர்றேன்" என்று மட்டும் அவன் சொல்வதில்லை. "ஆறரைக்கு வந்துடுவேன்" என்பான். வந்தும்விடுவான். ஒரே ஒரு நாள் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. ஏழே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தான். எப்போதும் அலமாரிக்கு மேலே இருக்கும் அவனுடைய பயணப் பை கூடத்தின் நடுவில் கிடந்தது.

"தூசி தட்டலாம்னு எடுத்தேன்" என்றாள் மனைவி. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பையில் தூசி அப்படியே இருந்தது. அவன் அதைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தான்.