அம்மா பாஸ் பண்ணிய துப்பாக்கிச் சண்டை

அம்மாவின் கண்ணில் படாமல் எதையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று மாமாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்து மறைத்துக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் யாரும் முருங்கைக்கீரை சாப்பிடுவதில்லை. அம்மா பையைத்தான் முதலில் பார்த்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீபெரும்புதூரில் எங்களோடு தங்கி, ஒரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய செல்போன் வாங்கப் போனவர், டிவியில் செருகி விளையாடும் பெட்டியோடு வந்துவிட்டார். அதற்குள் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு, துப்பாக்கிச் சண்டை. பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். தங்குமா, திரும்பிப் போகுமா என்பது அம்மாவின் கையில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தப் பெட்டி தங்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுபோல முழுப்பரீட்சைக்குக்கூட வேண்டிக்கொண்டதில்லை.

அம்மாவுக்கு ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒவ்வொரு விளக்கையும் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் தள்ளி வைக்க வேண்டும். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வர அம்மாவுக்குத் தெரியாது. தக்காளி வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், காபி கொடுத்த டம்ளர்களில் ஒன்று மட்டும் வேறு செட்டு என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டு ஆடினால் கெட்டுப்போகும் என்று எதிர்வீட்டு அக்கா எச்சரித்தாள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை கெடுவது அப்புறம் இருக்கட்டும், முதலில் பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்று டிவி முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

மாமா முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிக் காட்டினார். அந்தக் கட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அம்மா பொறுத்துப் பார்த்தாள்.

"டேய், டிரேல மேல மட்டும் நல்ல பீஸா அடுக்கினு வர்ற சப்ளையர் மாதிரி பண்ணாத. அடியில இன்னா கீதுன்னு காட்டு."

அடியில் இருந்தவற்றைச் சொல்லி மாளாது. எதிரிகள் அத்தனை பேருக்கும் ஒரே முகம். செத்து விழுந்தவனின் கால் மட்டும் தரைக்குள் புதைந்து துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு லாரி ரோட்டைத் தொடாமல் முழ உயரத்தில் ஓடியது. ஒருவன் சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான், நாம் பின்னால் போய் நின்றாலும் திரும்ப மாட்டான். எனக்கும் மாமாவுக்கும் அவன் என்றால் உயிர். அவனைச் சுடுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமே இருந்தது. அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட், சாயங்காலம் உள்ளறையில் தூங்குவார். அதனால் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு மாமா வாயாலேயே சுட்டார். டிவி சத்தமே தேவலை என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அம்மா திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பாதி பார்த்துவிட்டு ரிஜெக்ட் பண்ணுவது முறையில்லை, கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மாமாவின் கையிலிருந்து விளையாடும் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

அம்மா சண்டை போட்ட அழகை என்னவென்று சொல்வது! எதிரி எதிரே வந்தால் சுட மாட்டாள். பக்கத்தில் போய், அவனைச் சுற்றி வந்து, சட்டைப் பொத்தானிலிருந்து பூட்ஸ் வரை பார்ப்பாள். அதற்குள் அவன் அம்மாவைச் சுட்டுவிடுவான்.

"அக்கா, மொதல்ல சுடு, அப்பறமா பாரு" என்று மாமா கெஞ்சினார்.

"பாக்காம எப்பட்றா தள்றது?" என்றாள் அம்மா.

இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. எல்லா எதிரிகளும் ஒழிந்ததும் ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், விளையாட்டு முடியும். ஹெலிகாப்டர் வரவில்லை. மாமா பெட்டியை அணைத்துப் போட்டார், தட்டினார், ஒயரைப் பிடுங்கிப் பனியனில் துடைத்துச் செருகினார். வானம் காலியாகவே இருந்தது. இது கீறல் இல்லை, வேலையே செய்யாத பழுது. மாமா பெட்டியை வைக்கத் துணிப்பையைத் தேடினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏய் கஸ்டமரு, இது முடியாத கேமு. ஹெலிகாப்டர் வராது. தெரிஞ்சேதான் எடுத்துக்கிறியா?"

அவர்கள் கம்பெனியில் அப்படி ஒரு வழி உண்டாம். பொருளில் குறை இருந்தால் மறைக்காமல் வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டால் அனுப்பலாம். அதுவரை என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கிறேன் என்றேன். தன்னையும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்றார் மாமா. சப்ளையருக்கு இங்கே பேச்சில்லை என்றாள் அம்மா.

பெட்டி தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் அம்மா முகம் கழுவி, டீயோடு வந்து ரிமோட்டை எடுப்பாள். விளையாட்டில் அந்த மொட்டை மாடிவரை போவாள். சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு, அந்தக் காலி வானத்தைப் பார்த்தபடி டீயைக் குடிப்பாள். வந்துச்சாம்மா என்று கேட்பேன். இன்னும் இல்லை என்பாள். விடாமல் சோதனை செய்கிறாள் என்று எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஹெலிகாப்டரை அனுப்பிவை என்று பெருமாளிடம் சொல்லிவைத்தேன்.

பெருமாள் கேட்டாரோ என்னவோ, அந்தப் பழுதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரைத் தண்டலத்தில் மாமா கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேரும் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னோம்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

டம்ளரில் குறை கண்டவள் இதைச் சொன்னதும் நாங்கள் திகைத்துப் போனோம். அடுத்தவன் சரிசெய்தால் அக்காவுக்குப் பிடிக்காது என்று மாமா முடிவுகட்டினார். நானும் அதையே நம்பினேன்.

கல்லூரி முடித்ததும் அம்மாவின் கம்பெனி இருந்த அதே ரோட்டில் வேறொரு கம்பெனியில் எனக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலைதான் கிடைத்தது. பொருள்கள் நகர்ந்து வரும் பெல்ட்டின் முன்னால் நின்றேன். ஒன்றைப் பார்த்து வைப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது, அதை வைப்பதற்குள் இன்னொன்று. தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் நம் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அம்மா எந்த ஹெலிகாப்டருக்கும் காத்திருக்கவில்லை. அடுத்தது என்று எதுவுமே வராத ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.