பன்னிரண்டாம் எண் குதிகால்

இவானாகா சுமியே யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. நாகசாகியின் மலைச்சரிவில், பைக் ஏறாத படிக்கட்டுகளில் முப்பத்தோரு வருடமாகத் தபால் கொடுக்கிறவளுக்கு எந்த வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டே கடிக்கும் என்பது அத்துப்படி. புதுக் கிளைத் தலைவர் குரோகி என்றைக்கும் இல்லாத திருநாளாகத் தேநீர் நீட்டி, "பல்கலைக்கழகத்துல படி ஏறுறவங்க காலை ஸ்கேன் பண்றாங்களாம், போய்ட்டு வாங்களேன்" என்றபோதே அவளுக்குப் பொறி தட்டியது.

வசந்தத்திலிருந்து இடது குதிகாலுக்கு மேலே வலி. ஆபீஸுக்குத் தெரிந்தால் படிக்கட்டுப் பாதையைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே தபால் பிரிக்க உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

போகிற அன்று வலிக்கு ஒட்டியிருந்த மருந்துப் பட்டையை உரித்துப்போட்டு, காலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் கற்பூர வாசனை போகவில்லை. ஆய்வாளர் மொரோய், முப்பது வயதுப் பெண், அதை முகர்ந்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே சுமியேவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பாதத்தை ஒரு பலகையோடு வாரால் கட்டினாள் மொரோய். கெண்டைச் சதை முடிந்து தசைநாண் தொடங்கும் இடத்தில் சில்லென்று பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தாள்.

"பலகையை முழு பலத்தோட அழுத்துங்க, இவானாகா-சான். எவ்வளவு அழுத்தினா நாண் எவ்வளவு நீளுதுன்னு திரையில பார்ப்போம்."

முழு பலத்தோடு அழுத்தினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். மூன்று தடவையும் சுமியே பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மொரோய் உதட்டைப் பிதுக்கினாள். "இப்படிப் பாதியில விட்டா நாணோட தொய்வு மட்டும்தான் தெரியும். கணக்குல எண்பது வயசுக் கால்னு வரும்."

நல்ல காரியம் செய்தேன் போ, என்று சுமியே தன்னையே திட்டிக்கொண்டாள். "இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"எல்லாரோட ரிசல்ட்டும் ஒரு பட்டியலா உங்க ஆபீஸுக்குப் போகும். ஆனா அதுல பேர் கிடையாது, வெறும் எண்தான்."

சுமியே தாளை எட்டிப் பார்த்தாள். 12.

"இந்த எண்ணை யாரு குடுத்தாங்க, சென்செய்?"

"குரோகி-சான்தான்."

"எங்க ஆபீஸ்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நான் பன்னிரண்டாம் பாதைக்காரி. 'பன்னிரண்டு, டீ ஆறுது'ன்னுதான் கூப்பிடுவாங்க. இதுக்கு என் போட்டோவையே ஒட்டியிருக்கலாமே!"

மொரோயின் முகம் வெளிறியது. இடுப்பு வளையத் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். தாளைக் கிழித்து, எல்லோருக்கும் புது எண்களைக் குலுக்கிப் போட்டாள். பட்டியலும் இனி எங்கேயும் போகாது என்றாள். அதற்குப் பிறகுதான் சுமியே பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் காட்டினாள்.

"நல்ல உறுதியான நாண்," என்றாள் மொரோய். கருவியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். "ஆனா இங்க வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரியில காட்டுங்க. அதுவரைக்கும் படி இறங்காதீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் குரோகி மறுபடியும் தேநீரோடு வந்தார். "பன்னிரண்டு எப்படியாம்?"

"பன்னிரண்டா? அது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பையை மாட்டிக்கொண்டு சிரித்தபடியே மலை ஏறினாள். உச்சி வீட்டுப் பெட்டியில் கடைசிக் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். கீழே முந்நூற்றுப் பத்துப் படிகள். முதல் படியில் இடது காலை ஊன்றியதுமே கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இனி குரோகியிடம் உண்மையைச் சொல்வதென்றால் அவளேதான் சொல்ல வேண்டும். அழுகையாக வந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்று, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.