இரண்டால் வகுக்காத அளவு

அந்த மனிதரின் மூக்கு உடைபட்ட நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகிவிட்டது, மன்னித்துவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். மன்னிப்பு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அல்லவா கொடுப்பதற்கு?

எண்பதுகளின் பின்பாதி அது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஓடாத அரிசி மில் ஒன்றின் பின்கட்டில் எங்கள் கம்பெனி இருந்தது. சர்க்யூட் போர்டு செய்வோம். முதலில் டிவி பூஸ்டருக்கும் ஸ்டெபிலைசருக்கும் செய்தோம்; பிறகு பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் செய்கிற ஒருவரின் வேலையும் வர ஆரம்பித்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருக்கு அடுத்தபடி ஒரு சூப்பர்வைசர். என் கதை இவரைப் பற்றியது.

நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே டிராயிங் மேஜையில் இருந்தேன். கண்ணாடி போன்ற ஃபிலிமில் மெல்லிய கறுப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒட்டுவதுதான் என் வேலை. நான் ஒட்டுகிற ஒவ்வொரு கறுப்புக் கோடும் கடைசியில் போர்டில் ஒரு செம்புக் கோடாக வரும். அதை டிராக் என்போம். ஃபிலிமில் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாக ஒட்டுவோம். மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் கேமரா வைத்து அதைச் சரிபாதியாகச் சுருக்கித் தருவார்கள். சுருங்கும்போது கைப்பிசகும் சேர்ந்து சுருங்கிவிடும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

பெங்களூர்க்காரர் வேலையில் ஒரு தொல்லை இருந்தது. சில டிராக்குகள் இன்ன நீளம்தான் இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்புவார். நீளம் குறைந்தால் சிக்னல் முந்திக்கொண்டு போய்விடும். மற்றவை வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். வளைந்து நெளிந்து போகிற கோட்டை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. நூலை எச்சிலில் நனைத்து டேப்பின் மேல் படிய வைத்து, இரண்டு முனையிலும் நகத்தால் அடையாளம் வைத்து, எடுத்து ஸ்கேலில் நீட்டிப் பார்ப்பேன். வருவதை இரண்டால் வகுத்துத் தாளில் எழுதுவேன். சாரல் மாதங்களில் நூல் ஈரத்தில் சுருங்கி இரண்டு மில்லிமீட்டர் ஏமாற்றும். அந்த ஏமாற்றத்துக்கெல்லாம் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கியது நான்தான்.

அண்ணாச்சியின் மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு சின்ன கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டிவியோடு மாட்ட வேண்டும். புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கூட வந்த புத்தகத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். நான்கு மாதம், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் முன்னால்தான். ஒரு டிராக் எங்கெங்கே திரும்புகிறதோ அந்தப் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் எண்ணி உள்ளே கொடுத்தால், ஒவ்வொரு துண்டையும் கணக்கிட்டுக் கூட்டி மொத்த நீளத்தைத் திரையில் காட்டுகிற புரோகிராமை எழுதி முடித்தேன். நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை.

ஓடவிட்டதும் முதலில் என் பெயர் வரும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். அண்ணாச்சி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது மட்டும் ஒழுங்கா ஓடிட்டுன்னா டிசைனர் வேல ஒனக்குத்தாம் பிள்ள," என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். டேப் ஒட்டுகிறவளாக இருக்கும்வரை எவனோ போட்ட கோட்டின் மேல் நான் ஒட்டுவேன். டிசைனர் ஆகிவிட்டால் கோடு என்னுடையது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் கல்யாணமாகிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆறு மாதம் தவணை வாங்கியிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. என் புரோகிராம் ஃபிலிமில் இருக்கிற நீளத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்து மனசுக்குள் இரண்டால் வகுத்து, தாளில் போர்டின் நீளத்தை எழுதுவேன். நூல் காலத்துப் பழக்கம். அந்த வகுத்தலையும் புரோகிராமிலேயே எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடவேண்டும் என்று யாராவது எழுதி வைத்துக்கொள்வார்களா?

பெங்களூர்க்காரர் ஒருமுறை நேரில் வந்தார். சூப்பர்வைசர் காலையில் அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவைத்து, எண்ணெய் மினுக்கோடு கம்பெனிக்கு அழைத்துவந்தார். நேராகக் கம்ப்யூட்டரிடம் போய் என் கேசட்டை ஏற்றினார். திரையில் முதலில் வந்தது அவருடைய பெயர். என் பெயர் இருந்த வரியை எப்போது மாற்றினாரோ தெரியாது. இரவு பகலாக உட்கார்ந்து தானே எழுதியதாக விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் மரியாதைக்கு என்னைப் பார்த்து, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"இந்தப் பிள்ள டேப் ஒட்டுது சார். டீ நல்லாப் போடும்," என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ போடப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றிருந்தேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் முறையிட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். டைப் அடித்தது நீயாக இருக்கலாம், யோசனை சொன்னது அவர்தானே, அவர் டிப்ளமா படித்தவர் அல்லவா என்றார். அந்த வாரமே சூப்பர்வைசர் டிசைனரும் ஆனார். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் நான் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். என் நூல்கண்டு டப்பாவை எல்லோர் முன்னாலும் தூக்கிக் குப்பையில் போட்டு, இது என்ன தையல் கடையா என்று கேட்டார். உன்னை விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் எப்படி என்று தெரியவில்லை.

அதை அவரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். பெங்களூரிலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது, இருநூறு போர்டு. அதில் ஒரு டிராக் சரியாக முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அவர் பாம்பு மாதிரி நெளித்து நெளித்து வரைந்து, தானே புள்ளிகளை எண்ணிக் கொடுத்து, திரையில் முப்பது வந்ததும் வரைபடத்தை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். நான் டேப்பை எடுத்தேன். பாதி ஒட்டும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஃபிலிமில்தான் முப்பது. போர்டில் பதினைந்துதான் வரும். அவர் இரண்டால் வகுக்கவில்லை. வகுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. என் தாளில் நான் எழுதி வைத்த நீளங்களைப் பார்த்துவிட்டு, அவற்றைக் கம்ப்யூட்டர் சொன்னதாக நினைத்திருந்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த டேப்பை என் வாழ்நாளிலேயே மிக அழகாக ஒட்டினேன்.

முதலில் ஒரு போர்டை மட்டும் செய்து சாம்பிள் அனுப்பலாம் என்றார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரே அளந்த பிறகு சாம்பிள் எதற்கு என்றார் சூப்பர்வைசர். இருநூறும் தயாரானது. பின்னால் மருந்துத் தொட்டியில் வேண்டாத செம்பை அரித்துக் கழுவி எடுத்த போர்டுகள் ஓட்டை போடுகிற அக்காவிடம் வரும். அக்கா வடகரையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவளுடையது. கையால் பிடிக்கிற சின்ன டிரில்லை வைத்து ஒவ்வொரு போர்டிலும் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் போட வேண்டும். மூன்று வாரம் போட்டாள். பதினோரு மணி டீயை இருவரும் சேர்ந்துதான் குடிப்போம்.

போர்டுகள் போய் ஒரு மாதத்தில், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பெங்களூர்க்காரர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஒரு போர்டுகூட வேலை செய்யவில்லை. சூப்பர்வைசர் அசரவில்லை. உங்கள் சாமானில் கோளாறு இருக்கும் என்றார். வேண்டுமானால் பாருங்கள் என்று கேசட்டை ஓட்டினார். திரையில் அவர் பெயர் வந்தது. அப்புறம் முப்பது வந்தது. என்னை டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

தட்டை மேஜையில் வைத்தேன். என் சேலை முந்தியிலிருந்து ஒரு நூலை உருவினேன். நாக்கில் நனைத்தேன். போர்டை எடுத்து, அந்த நெளிவுகளின் மேல் நூலை ஒவ்வொரு வளைவாகப் படிய வைத்தேன். நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் நீட்டி, அண்ணாச்சி பக்கம் திருப்பினேன்.

"பதினஞ்சுதாம் இருக்கு அண்ணாச்சி. கம்ப்யூட்டர் ஃபிலிம்ல உள்ளதத்தான் அளக்குது. ரெண்டால வகுக்கணும்."

பெங்களூர்க்காரர் சூப்பர்வைசரைப் பார்த்து, நீங்கள்தானே எழுதினீர்கள், எந்த வரியில் வகுக்க வேண்டும், வகுத்துக் காட்டுங்கள் என்றார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிகளை மேலே ஓட்டினார், கீழே ஓட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒரு வரியைத் திருத்தி ஓட்டினேன். திரை பதினைந்து என்றது. அதோடு நிறுத்தவில்லை நான். முதல் வரிக்குப் போய், அவர் கண்ணெதிரிலேயே அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்து, என் பெயரை அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த அறையில் நான் பட்ட அவமானம் ஒன்று கழிந்தது.

இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அண்ணாச்சி கேட்டார்.

"ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாருல்லா," என்றேன்.

சூப்பர்வைசர் அந்த மாதமே சிவகிரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நான் டிசைனர் ஆனேன். அவர் உட்கார்ந்த நாற்காலியில், அவர் முதுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய சாய்வில் சாய்ந்து உட்கார்ந்தேன். இருநூறு போர்டையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். புதுப் போர்டுகளை அக்காவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தது நான்தான். அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். டிரில்லை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"டேப் ஒட்டும்போதே ஒனக்குத் தெரியுமாட்டி?"

தெரியும் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அவன் மூக்க ஒடச்சது சரிதாம். மூணு வாரமா எம் பக்கத்துலதான உக்காந்திருந்த. நான் ஓட்ட போடுத சத்தம் ஒனக்குக் கேக்கலயா?"

போர்டுகளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அவள் அதற்கப்புறம் என்னோடு டீ குடிக்கவில்லை. அவரை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்னொரு தடவை வாய்த்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அக்கா கேட்டதற்குப் பதில் எனக்கு அப்போதே தெரியும். கேட்டது. ஒவ்வொரு ஓட்டையும் கேட்டது. அந்த மூன்று வாரமும் அந்தச் சத்தம் எனக்கு இனிமையாகத்தான் இருந்தது.